புகையை நிறுத்த வேண்டுமானால் வெந்நீரில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைபனி தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் ஆண்டுதோறும் இரண்டு படங்கள் தவறாமல் வரும். ஒன்று, தலைகுந்தாவில் வெள்ளை விரித்த புல்வெளி. இன்னொன்று, உதகையில் தெருவோரம் சுள்ளி கொளுத்திக் குளிர்காயும் தொழிலாளர்கள். சில ஆண்டுகளில் மூன்றாவதாக ஒரு பெட்டிச் செய்தியும் சேர்ந்துகொள்ளும். மலையூர் விடுதி ஒன்றிலோ குடியிருப்பு ஒன்றிலோ பூட்டிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி. மலைவீட்டுக்குச் சூடு எதிலிருந்து வருகிறது, எதிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் யாரும் விரிவாக எழுதுவதில்லை. வெந்நீர்ச் சாதனம், அறை ஹீட்டர், வீட்டு வயரிங் வேலைகளில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்துவிட்டது. உஜ்வலா திட்டம் தொடங்கியதே 2016இல். அப்படியிருந்தும் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் மாலை ஆறு மணிக்குக் கூரைகளின் மேல் புகை எழுவது நிற்கவில்லை. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் காரணம் அதுவல்ல. சமவெளியில் விறகடுப்புக்கு ஒரு வேலை, சமையல். மலையில் அதற்கு மூன்று வேலை. சமைக்க வேண்டும், குளிக்கத் தண்ணீர் காய வேண்டும், வீடு சூடாக வேண்டும். மழை மாதங்களில் ஈரத்துணி காய்வதும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான். சிலிண்டர் இதில் முதல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. மீதி வேலைகளுக்கு மாற்று கொடுக்காமல் அடுப்பை அணைக்கச் சொன்னால் யார் அணைப்பார்கள்?

உதகை 2,240 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மேடு சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கிறது. வானம் தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதன் மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருப்பதால் கீழே உள்ளது மேலேறாது, புகையும் அதோடு சேர்ந்து தங்கிவிடும். காலையில் ஏரிப்பக்கம் தெரிவதில் மூடுபனி எவ்வளவு, விறகுப்புகை எவ்வளவு என்பது மூக்குக்குத் தெரியும். நுண்துகள் பிஎம் 2.5க்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணிநேர வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்பு 60. புகைபோக்கி இல்லாத அறையில் பச்சை விறகு எரியும்போது இரண்டையுமே சில நிமிடங்களில் பல மடங்கு தாண்டிவிடும்.

இதே மாதிரிப் பள்ளத்தாக்கு ஊர்தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலுள்ள லான்செஸ்டன். அங்கே விறகு ஹீட்டரை எடுத்துவிட்டு மின்சார ஹீட்டர் வைப்பவர்களுக்கு 2001 முதல் 2004 வரை அரசு பணம் கொடுத்தது. விறகு எரித்த வீடுகள் 66 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாகக் குறைந்தன. குளிர்காலக் காற்றில் சற்றுப் பெரிய துகளான பிஎம் 10இன் சராசரி 44 மைக்ரோகிராமிலிருந்து 27க்கு இறங்கியது. அறிவுரை சொல்லி நடந்த காரியமல்ல இது, மாற்றுச் சாதனத்தைக் கையில் கொடுத்ததால் நடந்தது.

நம் மலையில் எங்கே தொடங்குவது? அறை ஹீட்டரில் அல்ல, வெந்நீரில். குளிர்காலம் முடிந்தாலும் ஆண்டு முழுக்க அன்றாடம் விறகு கேட்பது அதுதான். மாற்றுவதற்கு எளிதும் அதுதான். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வையுங்கள். 100 லிட்டரை 42 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் அளவு வெப்பம் போதும். விறகு பாய்லர் தீயில் கால் பங்குதான் தண்ணீருக்குப் போகிறது என்றால், அதற்கு நன்றாகக் காய்ந்த விறகே மூன்றரை கிலோ வேண்டும். பச்சை விறகின் கணக்கு இன்னும் மோசம். புதிதாக வெட்டிய 10 கிலோ விறகில் 5 கிலோ தண்ணீர்தான். அந்த 5 லிட்டரை ஆவியாக்கி வெளியேற்றச் செலவாகும் வெப்பமும், 100 லிட்டர் குளியல் தண்ணீரைச் சூடாக்கத் தேவையான வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே.

சூரிய வெந்நீர்ச் சாதனம் ஊட்டி வெயிலுக்கு வேலை செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. உறைபனி விழுவது மேகமில்லாத இரவுகளில். அப்படிப்பட்ட இரவுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் நல்ல வெயில். ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இது நன்றாகவே வேலை செய்யும். கைவிடுவது தென்மேற்குப் பருவமழையின்போதுதான். அதற்காகத் தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 2 கிலோவாட் மின்கம்பி உள்ள வகையை வாங்க வேண்டும். அந்தக் கம்பிக்குத் தனி சுவிட்ச் வைத்து, வெயிலில்லாத நாளில் குளிப்பதற்கு ஒன்றரை மணிநேரம் முன்பு மட்டும் போட வேண்டும். நாள் முழுக்கப் போட்டுவிட்டு, சோலார் வாங்கியும் கரண்ட் பில் குறையவில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

உறைபனி விழும் பள்ளங்களில் செம்புக் குழாய் ஓடும் தட்டை வகை வேண்டாம். இரவில் அந்தத் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழல் வகையில் நடுவே வெற்றிடம் இருப்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனால் தொட்டிக்கு வரும் மெல்லிய குளிர்நீர்க் குழாய்க்கும், குளியலறைக்கு இறங்கும் சூடான குழாய்க்கும் நுரைக் குழாய் சுற்றியே ஆக வேண்டும். முக்கால் அங்குல சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் 10 மீட்டர் ஓடினால் அதற்குள் இரண்டரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது ஆறிப்போய்க் கீழே கொட்டும். தெற்கு பார்த்து 20 முதல் 25 டிகிரி சாய்வு வைத்தால் குளிர்காலச் சூரியனுக்குப் பொருந்தும். தொட்டி காலியாகி, வெயிலில் குழல்கள் காய்ந்து நிற்கும்போது நடுப்பகலில் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். மாலையில் ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். குரங்கு வரும் பகுதியில் மேலே கம்பிவலை போடாமல் பொருத்துவது காசைக் கரியாக்குவது.

கேஸ் கீசர் வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அது குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில் மாட்டியிருக்க வேண்டும். உள்ளே மாட்டி, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்தால் பத்து நிமிடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு ஆளைச் சாய்த்துவிடும்.

அடுத்து வீட்டின் சூடு. ஹீட்டர் கடைக்குப் போகும் முன் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம், இரண்டு பக்கம் வெளிச்சுவர், 9 அங்குலச் செங்கல், மேலே சீலிங் இல்லாத தகரமோ சிமென்ட் ஷீட்டோ. வெளியே 6 டிகிரி இருக்கும்போது உள்ளே 18 டிகிரி வேண்டும் என்றால் சுமார் 2 கிலோவாட் வெப்பம் ஓயாமல் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால் அந்த அளவை எடுத்துக்கொண்டோம். இந்த 2 கிலோவாட்டில் கிட்டத்தட்ட பாதி கூரை வழியாகவே போகிறது. மீதிதான் சுவர், ஜன்னல், கதவிடுக்கு. கீழே ஒரு சீலிங் போட்டு, அதன்மேல் கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ் வூலை 2 அங்குலத்துக்கு விரித்தால் தேவை 1 கிலோவாட்டாகச் சுருங்கும். எந்த ஹீட்டர் வாங்கினாலும் அதன் செலவை இது பாதியாக்குகிறது.

இந்த வேலையில் கெடுவதும் உண்டு. கிளாஸ் வூலைத் தகரத்தோடு ஒட்டி வைத்தால், தகரத்தின் அடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டிச் சொட்டி அது நனைந்து கட்டியாகிவிடும், பிறகு பயனில்லை. இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, கூரை ஓரங்களில் காற்று போக வழி வைக்க வேண்டும். சீலிங் பலகைக்கும் வூலுக்கும் நடுவே, அதாவது அறைப் பக்கமாக, பாலித்தீன் ஷீட் விரிக்க வேண்டும். சமையல் நீராவி மேலேறி வூலில் இறங்காமல் அது தடுக்கும். ஓரங்களில் கோழிவலை அடிக்காவிட்டால் எலி குடும்பம் நடத்தும். தெர்மோகோல் மலிவு என்று சிலர் அடைக்கிறார்கள். விறகு எரியும் வீட்டில், புகைக்குழாய் கூரையைத் துளைத்துப் போகும் வீட்டில், அது தீக்கு வைத்த தீனி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்கவோ உடைக்கவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சீலிங்குக்கான சட்டத்தைச் சுவரிலிருந்து தாங்க வையுங்கள்.

கதவுக்கடியில் துணிச்சுருள், ஜன்னல் சட்டத்தில் நுரை டேப், கனத்த திரைச்சீலை, இவையெல்லாம் செலவில்லாத வேலைகள். ஆனால் வரிசை முக்கியம். அறைக்குள் எரியும் நெருப்பை வெளியேற்றிய பிறகுதான் இடுக்குகளை அடைக்க வேண்டும். இடுக்கை அடைத்துவிட்டு உள்ளே தணல் சட்டி வைத்ததுதான் பெட்டிச் செய்தியாகிறது.

இனி மின்சார ஹீட்டர். ராட் ஹீட்டர், ஆயில் நிரப்பிய ரேடியேட்டர், ஃபேன் ஹீட்டர், ஹாலோஜன், எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். "குறைந்த கரண்டில் அதிகச் சூடு" என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். ஒரே விதிவிலக்கு, வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும் ஹீட் பம்ப். கடைகளில் அது 'ஹாட் அண்ட் கோல்டு' இன்வெர்ட்டர் ஏசி என்ற பெயரில் கிடைக்கிறது. வெளியே 5 டிகிரி இருக்கும்போதும் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பம் தரும். மேலே சொன்ன அறைக்குச் சீலிங் போட்ட பிறகு மாலை ஐந்து மணிநேரத்துக்கு 2 யூனிட் போதும், இரு மாத பில்லில் 120 யூனிட். சீலிங் இல்லாத அதே அறையில் சாதா ஹீட்டர் என்றால் 600 யூனிட். இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் சில. சமவெளிக் கடையில் விற்கும் சாதாரண ஏசி குளிர்விக்க மட்டும்தான். வாயுவின் ஓட்டத்தைத் திருப்பும் நான்குவழி வால்வு அதில் இல்லை, பின்னால் சேர்க்கவும் முடியாது. ஹாட் அண்ட் கோல்டிலும் சில மாடல்கள் வெளியே 7 டிகிரிக்குக் கீழே போனால் திணறும். மைனஸ் 7 அல்லது அதற்கும் கீழே வேலை செய்யும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். உதகை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் வெப்பத்திறன் முழுதாகக் கிடைக்காது, ஒரு படி பெரியதாக எடுப்பது நல்லது.

வெளி யூனிட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். மூடிய பால்கனிக்குள் வைத்தால் தானே குளிர்வித்த காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு மூச்சுமுட்டும். மூடுபனியும் குளிரும் சேர்ந்த இரவில் அதன் தகடுகளில் பனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் சில நிமிடம் சூட்டை நிறுத்தும், வெளியே ஆவி எழும். அது பழுதில்லை. ரிப்பேர் ஆளைக் கூப்பிட வேண்டாம். உள் யூனிட்டை 14 அடிச் சுவரின் உச்சியில் மாட்டினால் சூடெல்லாம் மேலேயே நிற்கும். ஏழடி உயரத்தில் மாட்டி, காற்றுத் தடுப்பைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். 30 டிகிரி வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது தப்பு. 19 வைத்து, இருட்டும் முன்பே போட்டுவிடுவதுதான் சரி.

எந்த ஹீட்டரானாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். 2,000 வாட் என்பது ஏறத்தாழ 9 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் உருகிக் கறுப்பது இதனால்தான். 16 ஆம்பியர் சாக்கெட், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் எம்சிபி சுவிட்சிலிருந்து தனியாக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எர்த், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, இவ்வளவும் இல்லாமல் ஹீட்டர் வேண்டாம். இதற்கெல்லாம் வசதியில்லாதவர்கள் அறையைச் சூடாக்குவதை விட்டு ஆளைச் சூடாக்கலாம். மின் படுக்கை விரிப்பு 100 வாட்தான், எட்டு மணிநேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். வெந்நீர்ப் பைக்கு அதுவும் வேண்டாம்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ரூம் ஹீட்டரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 1.6 கிலோ நீராவி அறைக்குள் வரும். சுவர் முழுக்கப் பூஞ்சை, கூடவே மோனாக்சைடு அபாயம்.

விறகைத் தவிர வழியில்லாத வீடுகள் இருக்கவே செய்யும். அவர்கள் புகையைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம். சீகை, கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ், கவாத்து செய்த தேயிலைத் தண்டு எதுவானாலும் மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, தரையிலிருந்து அரையடி உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் முழுக்க மூடினால் ஈரம் உள்ளேயே புழுங்கும். கற்பூர மரக்கட்டைக்கு ஓராண்டு வேண்டும். இரண்டு துண்டுகளை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். எரியும்போது வெட்டுமுனையில் நுரை தள்ளிச் 'சுர்ர்' என்றால் இன்னும் பச்சை. பற்றவைக்கும்போது பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சிறு சுள்ளியை மேலே வைத்து, மேலிருந்து கொளுத்துங்கள். கீழிருந்து எழும் வாயு சுடரைக் கடந்து எரிந்துவிடுவதால் புகை குறையும். பாலித்தீன் கவர், சைக்கிள் டியூப் துண்டு கொண்டு பற்றவைப்பதை இன்றோடு விட வேண்டும். இரவெல்லாம் இருக்கட்டும் என்று காற்றை அடைத்துப் புகைய விடுவதுதான் அதிகப் புகை தருவது, குழாயில் தாராகப் படிந்து ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிப்பதும் அதனால்தான். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், 10 அடிக்குள் உள்ள எந்த மேட்டைவிடவும் 2 அடி மேலே நிற்க வேண்டும். குட்டையான குழாயில் காற்றடித்தால் புகை வீட்டுக்குள்தான் திரும்பும். பழைய பங்களாக்களில் சுவரோடு கட்டிய நெருப்பிடமான கணப்பைப் பற்றவைக்கும் முன், மேலே பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்த கணப்பு பார்க்க அழகு, அவ்வளவுதான். எரியும் விறகின் சூட்டில் பெரும்பங்கு மேலே போகிறது, அறையின் சூடான காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு.

கரித் தணல் சட்டியில் புகை வராது. அதனால்தான் நம்பி உள்ளே எடுத்துப் போகிறார்கள். புகை இல்லை, வாசனை இல்லை, ஆனால் மோனாக்சைடு விறகைவிட அதிகம். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். பயணக் களைப்பு என்று படுத்துவிடுவார்கள். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. வாடகைக்கு விடும் ஒவ்வொரு அறையிலும் ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரமுள்ள மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிடலாம். பார்பிக்யூ அடுப்பை வாடகைக்குத் தரும் விடுதிகளுக்கு அதை முதல் நிபந்தனையாக வைக்கலாம்.

அரசிடம் கேட்க இன்னும் இரண்டு இருக்கின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் தனித்தனியாக ஹீட்டர் கொடுத்துப் பயனில்லை. பழைய வயரிங் தாங்காது, கூரையும் சூட்டை நிற்க விடாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே வீடு தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயின் குடியிருப்புகளில் அந்தப் பொறுப்பு அரசுடையதே. அங்கே முதலில் சீலிங் போடட்டும். வரிசைக்கு ஒரு பொது வெந்நீர்த் தொட்டியைச் சூரியச் சாதனத்தோடு அமைத்து, குழாய் மூலம் வாசலுக்குக் கொண்டுவரட்டும். இரண்டாவது, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரண்டு பில்களுக்கு மட்டும், 1,500 மீட்டருக்கு மேலுள்ள வீடுகளுக்கு அந்த 500 யூனிட் எல்லையை உயர்த்த வேண்டும். குளிர்காலம் வருவதற்குள் அறிவித்தால்தான் வீடுகளில் மின்சுமையைக் கூட்டி வயரிங்கை மாற்ற நேரம் இருக்கும். டிசம்பரில் அறிவித்தால், அந்த ஆண்டுக்கான விறகு ஏற்கெனவே அடுக்கப்பட்டிருக்கும்.

இப்படிக்கு,
வெந்நீர்ச் சாதன, மின்பணியாளர்கள் சிலர்,
நீலகிரி மாவட்டம்.